எந்த டேப்லெட் என்று கேட்பதற்கு முன்

தம்பி, படிப்பதற்காக வெளிநாடு வந்து சில வாரங்களே ஆகின்றன என்றும், பாடக் குறிப்பு எடுக்கவும் வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசவும் ஒரு டேப்லெட் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐபேடா, சாம்சங்கா, விலை குறைந்த வேறொன்றா, திரை எத்தனை அங்குலம் இருக்கவேண்டும், இந்த நிறுவனங்களின் போட்டியில் எது நிலைக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அறைத்தோழர் ஒருவர் தாம் பயன்படுத்திய கருவியை விற்கிறார், அதை வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. திரையளவைக் கையில் பிடித்துப் பார்த்து நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். கேமராவும் நிறமும் உங்கள் விருப்பம்.

பயன்படுத்திய டேப்லெட் ஒன்றை வாங்கும்போது அதன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், அதற்குள் யாருடைய கணக்கு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆப்பிள் 2013-இல் தன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 7-ஆம் பதிப்புடன் ஒரு பூட்டைக் கொண்டுவந்தது. பழைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து கருவியை முறைப்படி நீக்காவிட்டால், அதை முழுவதும் அழித்து முதலிலிருந்து அமைத்தாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ஆண்ட்ராய்டிலும் 2015 முதல் இதைப் போன்ற பாதுகாப்பு உண்டு. திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரையும் அது திருடரைப் போலத்தான் நடத்தும். இன்னொரு வகைப் பூட்டு இதைவிடச் சிக்கலானது. கல்லூரிகளும் அலுவலகங்களும் தங்கள் கருவிகளைத் தொலைவிலிருந்தே நிர்வகிப்பதற்காகப் பதிவுசெய்து வைத்திருக்கும். அப்படிப் பதிவான கருவி கைமாறி வந்தால், அதை அழித்துவிட்டு மீண்டும் இணையத்தில் இணைக்கும்போது அந்த நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து நிற்கும்; விற்றவரே நினைத்தாலும் அதை நீக்க முடியாது. சிம் போடும் வசதியுள்ள கருவியென்றால், தவணை பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் தவணை கட்டாத கருவியின் ஐஎம்இஐ எனும் தனி அடையாள எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் சேவை நிறுவனங்கள் உண்டு.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் உங்கள் எதிரிலேயே செட்டிங்ஸில் தம் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியை முழுவதும் அழிக்கவேண்டும். பிறகு நீங்கள் அதை வைஃபையில் இணைத்து, உங்கள் கணக்கில் நுழைந்து, முதற்பக்கம் திறக்கும்வரை பார்க்கவேண்டும். வைஃபையில் இணைக்காமல் வரவேற்புத் திரையை மட்டும் காட்டினால் அது சோதனை ஆகாது. அறைத்தோழராயிற்றே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் புறப்பட்டு வந்தது 2013 இறுதியில். அப்போது இந்தப் பூட்டு மிகப் புதியது. எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒருவருக்கும் அதைப் பற்றித் தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து வேரூன்றிவிட்ட நம்மவர் ஒருவர், ஊருக்கு உதவுவதைப் போலப் பேசி, எனக்கு ஒரு டேப்லெட்டை விற்றார். கொடுத்தபோது அது திறந்துதான் இருந்தது. என் கணக்கைச் சேர்ப்பதற்காக அதை முதலிலிருந்து அமைத்தபோது, அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டது. அதற்குள் அவர் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். என் அழைப்பை எடுக்கவில்லை. அவர் தம் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகச் சில நொடிகளில் அந்தப் பூட்டை நீக்கியிருக்க முடியும் என்பது பின்னால் எனக்குத் தெரிந்தபோது, இழந்த பணத்தைவிட அதுதான் வலித்தது. நம் மொழி பேசுகிறார் என்பதற்காக ஒருவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடக்கூடாது என்பதில் அன்று முதல் உறுதியாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களின் கூச்சத்தை வைத்தே பழைய பொருட்களைத் தள்ளிவிடும் மூத்த புலம்பெயர்ந்தோர் சிலர் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் மன்னிப்பதில்லை.

அடுத்து, மொபைல் சேவை நிறுவனங்கள் இலவசம் என்று சொல்லிக் கொடுக்கும் டேப்லெட். அது இலவசம் அன்று. அதன் விலை இரண்டு மூன்று ஆண்டு மாதக் கட்டணத்துக்குள் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். இடையில் நாடு மாறினாலும் வேலை மாறினாலும் மீதித் தொகையை ஒரே தடவையில் கேட்பார்கள். என்னுடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர், படிப்பு முடிந்து திரும்பிய பிறகும் பயன்படுத்தாத சிம்முக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததில்தான் எனக்கு அந்த மொழியே பழகியது. இன்று என் அலுவலகத்தில் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிக் கேட்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியைத் தனியாக வாங்குங்கள், இணைப்பைத் தனியாக வாங்குங்கள். வைஃபை மட்டும் உள்ள மாடலே மாணவருக்குப் போதும், தேவைப்படும்போது கைப்பேசியிலிருந்து இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் இருக்காது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். வழி தேட அதை நம்ப முடியாது.

பிறந்த நாட்டிலிருந்து ஒன்றை வாங்கி வரச் சொல்லலாமா என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். சார்ஜர் கவலை வேண்டாம். பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும், பிளக்கின் வடிவத்துக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். ஆனால் வாரண்டி நாட்டுக்கு நாடு மாறலாம், சிம் மாடல்களின் அலைவரிசைகளும் மாறலாம். சீனச் சந்தைக்காகவே தயாரான கருவிகளில் கூகுளின் பிளே ஸ்டோர் இல்லாமலேயே வருவதுண்டு. கணக்கு எந்த நாட்டுக்குரியது என்பதும் முக்கியம். நம் பழைய வங்கிச் செயலிகள் பல, பிறந்த நாட்டுக் கணக்கில்தான் தென்படும். கூகுள் பிளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆப்பிளில் கணக்கிலுள்ள மீதிப் பணத்தைச் செலவழித்துத் தீர்த்த பிறகே மாற்ற முடியும். எனவே உங்கள் பழைய கைப்பேசி எண்ணுக்கு வங்கியின் ஓடிபி வருவது உறுதியாகும்வரை எதையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

இனி, எந்த நிறுவனம் நிலைக்கும் என்ற கேள்வி. 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தார். அதே ஆண்டிலேயே சாம்சங் ஏழு அங்குலக் கேலக்ஸி டேப்பைக் கொண்டுவந்தது. 2011-இல் எல்லோரும் களத்தில் குதித்தார்கள். பிளாக்பெர்ரியின் பிளேபுக் தனக்கென்று ஒரு மின்னஞ்சல் செயலிகூட இல்லாமல் வெளிவந்தது. அந்தச் செயலி வர 2012 பிப்ரவரி ஆயிற்று. ஹெச்பி தன் டச்பேடை 2011 ஜூலையில் விற்கத் தொடங்கி, ஆகஸ்டிலேயே கைவிட்டு, தொடக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளிவிட்டது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்டி பார்ப்பதற்கு விண்டோஸாக இருந்தாலும், கைப்பேசிகளில் இருப்பதைப் போன்ற அதன் ஏஆர்எம் வகைச் சிப்பில் பழைய விண்டோஸ் மென்பொருட்கள் இயங்கவில்லை; மறு ஆண்டிலேயே அந்த நிறுவனம் 90 கோடி டாலரை இழப்பாக எழுதியது. கூகுள் 2012-இல் ஏசஸ் தயாரிப்பில் நெக்ஸஸ் 7 கொடுத்தது, 2019-இல் இனிச் சொந்த டேப்லெட் செய்வதில்லை என்று அறிவித்தது, 2023-இல் பிக்சல் டேப்லெட்டுடன் திரும்பி வந்தது. 2019-இல் அமெரிக்க வர்த்தகத் தடைக்குப் பிறகு ஹுவாவேயின் புதிய கருவிகள் கூகுள் சேவைகளை இழந்தன. இவற்றில் எந்த நிறுவனமும் சிறியது அன்று. பெரிய பெயர் என்பதால் கருவியின் ஆயுள் நீளும் என்று நம்புவதற்கு இந்த வரலாற்றில் இடமில்லை.

நான் வந்த காலத்தில் எங்கள் அறை அலமாரியில் இப்படித் தயாரிப்பாளரே கைவிட்டுவிட்ட டேப்லெட்டுகள் அடுக்கியிருந்தன. மலிவாகக் கிடைத்தது என்று முன்பு தங்கியிருந்தவர்கள் வாங்கி, செயலிகள் கிடைக்காமல், விட்டுச் சென்றவை. இரவில் வேலை முடிந்து வந்து, அவற்றுள் ஒன்றில் பாடப் புத்தகத்தின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து படித்திருக்கிறேன். படிப்பதற்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. வீட்டாருடன் பேசுவதற்கு மட்டும் வழியில்லை, ஏனென்றால் எல்லோரும் பயன்படுத்தும் செயலி அதற்கு வரவில்லை. செயலி இல்லாத டேப்லெட்டில் கண்ணாடியும் பேட்டரியும் நன்றாக இருந்து என்ன பயன் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் குறை வென்றவர்களிடமும் இருந்திருக்கிறது. ஐபேடுக்கென்று வாட்ஸ்அப் செயலி வந்ததே 2025 மே மாதத்தில்தான். அதனால் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நான்கைந்து செயலிகளை எழுதி வைத்துக்கொண்டு, அவை அந்த மாடலில் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட, எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவதாக அந்த மாடலுக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அளவுகோல். ஒரே நிறுவனத்துக்குள்ளும் இது மாறும்: 2010-இல் வந்த முதல் ஐபேடுக்கு 2012-இன் ஐஓஎஸ் 6 கிடைக்கவில்லை, ஆனால் ஓராண்டு கழித்து வந்த ஐபேட் 2-க்கு 2015-இன் ஐஓஎஸ் 9 வரை கிடைத்தது. 2023-இல் கூகுளும் 2024-இல் சாம்சங்கும் தங்கள் உயர்வகைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு அப்டேட்டை உறுதிசெய்தன. இதைப் போட்டி தந்த உண்மையான நன்மை என்பேன். விலை குறைந்த டேப்லெட்டுகளுக்கும் அதே உறுதி உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். மிக மலிவானவற்றில் மெதுவான சேமிப்பகத்தைப் பொருத்தியிருப்பார்கள், ஓராண்டில் தட்டச்சு செய்வதற்கே தயங்கத் தொடங்கும். படங்களைத் திருட்டு நகலெடுப்பிலிருந்து காக்கும் கூகுளின் வைட்வைன் முறையில் எல்1 என்ற உயர்நிலைச் சான்றிதழ் இல்லாதவற்றில் கட்டணப் படச்செயலிகள் தெளிவு குறைந்த படத்தையே காட்டும்.

நம்மவர்கள் கூடும் இடங்களில் ஆப்பிள் கட்சி, சாம்சங் கட்சி என்று பிரிந்து பேசுவதை நீங்கள் கேட்பீர்கள். வந்த முதல் ஆண்டிலேயே விலையுயர்ந்த மாடலைக் கையில் வைத்திருந்தால்தான் மதிப்பு என்று சிலர் உங்களை நம்பவைக்கவும் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிறுவனங்களும் 2011 முதல் 2018 வரை நீதிமன்றத்தில் மோதிக்கொண்டபோதும், 2013-இன் ஐபேட் ஏரில் இருந்த ஏ7 சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது சாம்சங்தான். அவர்களே வியாபாரத்தை முறித்துக்கொள்ளாதபோது நாம் எதற்கு அவர்களுக்காக நண்பர்களுடன் முகம் சுளிக்கவேண்டும்? உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு என்றால், பேனாவுடன் வரும் நடுத்தர ஆண்ட்ராய்டு டேப்லெட்டையே எடுங்கள். ஐபோன் என்றால், அடிப்படை ஐபேட் போதும், ஆனால் அதன் பேனாவைத் தனியாக வாங்கவேண்டியிருக்கும் என்பதையும், எந்தப் பேனா எந்த மாடலுக்குப் பொருந்தும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குத் தேவையான மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்று துறையில் சொன்னால் டேப்லெட்டையே தள்ளிவைத்து மடிக்கணினி வாங்குங்கள். அதைத் துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது.