முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: 1980-களில் வந்த பெரிய பூம்பாக்ஸ் (கையில் தூக்கிச் செல்லும் ரேடியோ-கேசட் பெட்டி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ரேடியோ நன்றாகப் பாடுகிறது. கேசட் போட்டால் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது, கேசட் சுற்றவில்லை. பெல்ட் மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? அலமாரியில் அழகுக்கு வைக்காமல் தினமும் பாட்டுக் கேட்க முடியுமா?

பதில்: விற்பவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நாற்பது வயதான டேப் ரெக்கார்டரில் முதலில் உயிரை விடுவது ரப்பர்தான். மோட்டார் ஓடியும் கேசட் சுற்றவில்லை என்றால், மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் அறுந்திருக்கும், தளர்ந்திருக்கும் அல்லது உருகியிருக்கும். மூன்றுக்கும் மருந்து உண்டு. எனவே ஓடாத கேசட்டைக் கண்டு பயந்து பின்வாங்காதீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

பின்பக்கத்துப் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். இந்த ரகப் பெட்டிகளில் பெரிய டி சைஸ் பேட்டரிகள் எட்டோ பத்தோ போகும். பல வருடம் எடுக்காமல் விட்ட பேட்டரி ஒழுகியிருந்தால் ஸ்பிரிங்குகளில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பூஞ்சை போன்ற படிவோ தெரியும். ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் கவலையில்லை. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை கொண்டது, வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் கரைந்துவிடும். அதன் பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். ஆனால் கசிவு ஒயர் வழியாக உள்ளே ஏறி, சர்க்யூட் போர்டின் செப்புக் கோடுகளை அரித்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். மூடியே தொலைந்திருந்தாலும் யோசியுங்கள். பெல்ட் எங்கும் கிடைக்கும். பேட்டரி மூடி, குமிழ், ஒடிந்த பொத்தான், கேசட் கதவு ஆகியவை அதே மாடலின் இன்னொரு செட்டைப் பிரித்தால்தான் கிடைக்கும். பழுதுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். உறுப்பு குறைந்த செட்டை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

இன்னொன்று, மின் இணைப்பில் செருகும் முன் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த செட்டுகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. 220 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அவற்றின் எஃப்.எம். அளவும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதற்கு மேல் உள்ள நிலையங்களைப் பிடிக்காது. ரேடியோ கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் டயலைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டேப்பில் பதிந்த ஒலியைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். கேசட் கதவைத் திறந்து, பிளே பொத்தானை அழுத்தினால் ஹெட் முன்னே வரும். டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பாக, சீராக இருந்தால் நல்லது. டேப் உரசும் பாதையில் பள்ளம் விழுந்திருந்தால் அது ஏராளமாகப் பாடி ஓய்ந்த செட். ஒலியைக் கூட்டும்போது கேட்கும் கரகரப்பைப் பொருட்படுத்த வேண்டாம், மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சில் சரிசெய்துவிடும்.

இனி பெல்ட்டுக்கு வருவோம். நான் முதன்முதலில் பிரித்த செட்டில் பெல்ட்டையே காணவில்லை. டேப்பை இழுக்கும் மெல்லிய தண்டான கேப்ஸ்டனைச் சுழற்றும் கனமான சக்கரத்தின் விளிம்பில், வெயிலில் இளகிய தாரைப் பூசியதுபோல் ஒரு கறுப்பு வளையம் மட்டும் இருந்தது. அதுதான் பெல்ட். விரலால் தொட்டேன், இரண்டு நாட்கள் கை கறுப்பாகவே இருந்தது. நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சிகளால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள், முப்பது நாற்பது குச்சிகள் போகும். அசிட்டோன் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். துளிப் பிசின் மிச்சமிருந்தாலும் புதிய பெல்ட் அங்கே ஒட்டி ஒட்டி ஓடும், பாட்டு நடுங்கும்.

உருகிய பெல்ட்டை அளக்க முடியாதே என்று கேட்பீர்கள். பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுங்கள். அதைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் சிறிய பெல்ட் வாங்குங்கள். மிகவும் இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் தேயும். பெல்ட் தட்டையா சதுரமா என்பதைச் சக்கரத்தின் விளிம்பே சொல்லிவிடும்.

பெல்ட் மாட்டியதும் வேகத்தைப் பாருங்கள். கேசட் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டைப் போட்டு, அதிர்வெண் காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்து அருகில் வையுங்கள். 3,060 என்று காட்டினால் இரண்டு சதவீதம் வேகமாக ஓடுகிறது. பல செட்டுகளில் மோட்டாரின் பின்புறம் சிறு துளை இருக்கும், அதற்குள் ஒரு திருகு. இம்மியளவு திருப்பினாலே மாற்றம் தெரியும். ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் திருகைத் தெரியாமல் தொடாதீர்கள். அது ஹெட்டின் சாய்வை மாற்றும், மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பாடும்போது ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, ரெக்கார்ட் பொத்தானோடு சேர்ந்து நகரும் நீளமான ஸ்விட்ச். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்து உள்ளே களிம்பேறியிருக்கும். மின் இணைப்பைத் துண்டித்து, கான்டாக்ட் கிளீனரைப் பீச்சி, ரெக்கார்ட் பொத்தானை இருபது முறை அழுத்தி விடுங்கள். கேசட் இல்லாமல் பொத்தான் இறங்காது. உள்ளே ஒரு மூலையில் பதிவைத் தடுக்கும் சிறு நெம்புகோல் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். மின்சாரம் நேரடியாக வந்து சேரும் பகுதியை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

தினமும் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செட்டுக்குத்தான் ஆயுள் அதிகம், சும்மா கிடப்பதில்தான் ஸ்விட்சும் ரப்பரும் கெடுகின்றன. 60, 90 நிமிடம் ஓடும் சி-60, சி-90 கேசட்டுகள் போதும். சி-120 வேண்டாம், டேப் மெல்லியது, ரோலரில் சுற்றிக்கொள்ளும். பின்னால், வெளியிலிருந்து ஒலியை வாங்கும் லைன்-இன் துளை இருந்தால் கைப்பேசிப் பாட்டையும் இணைக்கலாம். புளூடூத்துக்காகப் பெட்டியைத் துளையிட்டு உள்ளே எதையாவது பொருத்துவதை மட்டும் மனம் ஏற்பதில்லை. தனி ரிசீவரை வெளியே வைத்தாலே வேலை முடிகிறது.

சேகரிக்கும் ஆசை தொற்றிக்கொண்டால், ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777 போன்ற பெயர்பெற்ற மாடல்களைப் பிறகு தேடலாம். அவற்றுக்கு எல்லோரும் போட்டி போடுகிறார்கள். பெயர் தெரியாத நடுத்தர செட்டைப் பிரித்துப் பூட்டிக் கை பழகிய பிறகு அவற்றைத் தொடுவது நல்லது.

வாங்கிவிட்டால், பேட்டரிகளை எடுத்துவிட்டு, ஆன்டெனாவை மடக்கி, அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கி வாருங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்த வயதில் மூட்டுப் பிளாஸ்டிக் எப்போது விடும் என்று சொல்ல முடியாது.