ஊக்கு, காந்தம், டார்ச் செல் வைத்துச் செய்யும் மோட்டார் ஏன் சுற்ற மாட்டேன் என்கிறது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் காயில் (கம்பிச் சுருள்) அரைச் சுற்று ஆடிவிட்டு நின்றுவிடுகிறது, பெரிய காந்தம் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். கம்பி முனைகளில் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டியபோது காயில் மேசையில் படுத்திருந்ததா, நின்றிருந்ததா? யோசித்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

காந்தம் காயிலுக்குக் கீழே இருப்பதால் காந்தப்புலம் செங்குத்தாக இருக்கிறது. காயில் நிமிர்ந்து நிற்கும்போதுதான் திருப்பு விசை மிக அதிகம். படுத்திருக்கும்போது சுத்தமாக இல்லை. ஆகவே, காயில் நிமிர்ந்த நிலையை நடுவாகக் கொண்ட அரைச் சுற்றில் மட்டும் மின்சாரம் போக வேண்டும், மிச்ச அரைச் சுற்றில் நிற்க வேண்டும். காயிலைப் படுக்க வைத்துக் கம்பியின் மேல்பக்கத்தைச் சுரண்டினால் என்ன ஆகும்? ஒரு கால் சுற்று தள்ளும், அடுத்த கால் சுற்று இழுத்துப் பிடிக்கும். கூட்டிக் கழித்தால் சைபர். காயிலை மேசை விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து, ஒரு முனையில் மேல் பாதியை மட்டும் சுரண்டுங்கள். மறுமுனையைச் சுற்றிலும் முழுதாகச் சுரண்டலாம். புத்தகப் படத்தில் இருக்கும் பிளவு வளையம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரத்தின் திசையை மாற்றும். அதன் பாதி வேலையைத்தான், மின்சாரத்தை நிறுத்துவதை மட்டும், இந்த அரைச் சுரண்டல் செய்கிறது.

"ரெண்டு முனையும் முழுசாச் சுரண்டினேன், நல்லாத்தான் சுத்துது" என்று கமெண்டில் ஒருவர் வருவார். பொய் சொல்லவில்லை. லேசான காயில் துள்ளும்போது தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், தற்செயலாகச் சுற்றும். இருபது பிள்ளைகள் செய்தால் இரண்டு சுற்றும், பதினெட்டு சுற்றாது. அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது.

கம்பி 26 கேஜ், மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும். 32 கேஜ் தொளதொளவென்று வளையும், அச்சாக நிற்காது. டார்ச் லைட்டின் பெரிய செல்லைச் சுற்றிப் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10.7 செ.மீ. போகும், முனைகளோடு சேர்த்து 1.2 மீட்டர் வெட்டினால் சரி. செல்லைக் கழற்றிவிட்டு, முனைகளை எதிரெதிரே காயிலின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சோதிக்க, காந்தம் இல்லாமல் ஊக்குகளில் மாட்டிச் சுண்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமே கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். முனைகளை லேசாக வளைத்துச் சரிசெய்யுங்கள்.

எனாமலைத் தீக்குச்சியால் எரிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். இப்போது வரும் எனாமல் சரியாக எரிவதில்லை, மிஞ்சுவது கரி. அது மின்சாரத்தைத் தடுக்கும். முழுச் சுரண்டலுக்கு உப்புத்தாள், பாதிச் சுரண்டலுக்கு பிளேடு. பிள்ளைகள் கையில் பிளேடு கொடுக்கத் தயங்கினால் இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, காயிலை நிமிர்த்திப் பிடித்து ஒரு முனையின் மேல் பாதியில் நெயில் பாலிஷ் பூசிக் காயவிடுங்கள்.

செல்லின் இரு முனையிலும் பெரிய ஊக்குகளை வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் இறுக்குங்கள். ஊக்கின் சுருள் துளை மேலே வரட்டும், காயில் முனை அதற்குள் போகும். காந்தத்துக்கும் காயிலின் அடிக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. கறுப்பு ஃபெரைட் காந்தமே போதும். பளபளக்கும் நியோடிமியம் குண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சைவரை போகும்.

சுற்ற ஆரம்பித்ததும் கை தட்டி முடித்துவிடாதீர்கள், பாடம் அதற்குப் பிறகுதான். காந்தத்தைப் புரட்டினால் என்ன ஆகும், செல்லைத் திருப்பினால் என்ன ஆகும், இரண்டையும் செய்தால்? முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பிறகு செய்யட்டும். காயிலில் ஒரு ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஒரு சுற்றுக்கு 24 ஃபிரேம் வந்தால் நிமிடத்துக்கு 600 சுற்று. அடுத்து இருபது சுற்றுக் காயில் செய்து பார்க்கட்டும். வேகம் இரண்டு மடங்காகாது. சுற்று கூடினால் எடையும் கூடுகிறது, ஓடும் காயில் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் கூடுகிறது. அந்த ஏமாற்றத்தை அவர்கள் பட்டே தீர வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கண்காட்சிகளில் கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலைக்கும் எல்இடி மினுக்கும் வீட்டுக்கும்தான் பரிசு போகிறது. மூன்று நாள் சுரண்டிச் சுரண்டிச் சுற்ற வைத்த பிள்ளையின் ஊக்கு மோட்டாரை நடுவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இப்போது முன்கூட்டியே சுரண்டிய காயிலோடு ரெடிமேட் கிட்டும் விற்கிறார்கள். சுரண்டுவதுதான் பாடமே, அதை விட்டுவிட்டு என்ன கிட்?

இன்னொன்று. இந்தக் காயிலின் மின்தடை ஏறக்குறைய 0.13 ஓம்தான். சுற்றாமல் தொட்டபடி நின்றால் ஷார்ட் சர்க்யூட் போலத்தான், செல்லும் ஊக்கும் சுடும். அதனால் லித்தியம் செல்லைக் கனவிலும் மாட்டாதீர்கள், மணி அடித்ததும் முதலில் காயிலைக் கழற்றச் சொல்லுங்கள்.