சில்வர் சோல்டர் வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்? – பயனீட்டாளர் கேள்வி-பதில்

மாதிரி விமானம் கட்டுவோரிடமிருந்து சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே சில்வர் சோல்டரால், அதாவது வெள்ளி கலந்த கலவையை உருக்கி, உலோகப் பாகங்களைப் பற்றவைப்பது பற்றியவை. அதனால் இந்த முறை பத்தி முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, நான் செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரேடியோவில் இயங்கும் விமானம் ஒன்று கட்டியிருக்கிறேன். சக்கரக் கால்களை 4 மில்லிமீட்டர் பியானோ வயரில் (விறைப்பான எஃகுக் கம்பி) வளைத்து, ஏர்கோன் சாமான் கடையில் வாங்கிய சில்வர் ராடை வைத்துப் பற்றவைத்தேன். பார்க்க அழகாக ஒட்டியது. பள்ளித் திடலில் முதல் முறை இறக்கியதுமே மூட்டு பட்டென்று விட்டுவிட்டது. கால் கம்பியும் வளைந்துபோனது. கடைக்காரர் “நல்ல சரக்குதான்” என்கிறார். என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: சரக்கு நல்லதுதான் தம்பி, ஆனால் உங்கள் வேலைக்கானது அல்ல. ஏர்கோன் ஆட்கள் செம்புக் குழாயை ஒட்டப் பயன்படுத்தும் ராடு அது. அந்த வகையில் விலை கூடியது 15 விழுக்காடு வெள்ளி, 80 விழுக்காடு செம்பு, 5 விழுக்காடு பாஸ்பரஸ் கலந்தது. 5 அல்லது 2 விழுக்காடு வெள்ளி மட்டுமே உள்ளதும் உண்டு. செம்போடு செம்பை ஒட்ட அதற்கு ஃப்ளக்ஸ்கூட (உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கி, உருகியது ஒட்ட உதவும் மருந்து) வேண்டாம், அந்த வேலையைப் பாஸ்பரஸே பார்த்துக்கொள்ளும். அதே பாஸ்பரஸ் இரும்பையோ எஃகையோ தொட்டால் மூட்டின் ஓரத்தில் இரும்பு பாஸ்பைடு என்ற நொறுங்கும் படலம் உண்டாகிறது. வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும், ஓர் அதிர்ச்சி பட்டால் பிளந்துவிடும். விமானம் தரை தொடும்போது கால்களுக்குக் கிடைப்பது அந்த அதிர்ச்சிதான்.

கம்பி வளைந்ததற்குக் காரணம் வேறு. பியானோ வயரின் விறைப்பு, அதைக் குளிர்ந்த நிலையில் இழுத்து இழுத்து மெலிதாக்கியதால் வந்தது. சிவக்கச் சூடாக்கினால் அந்த விறைப்பு போய்விடும், பிறகு அது சாதாரணக் கம்பிதான். ஆகவே சரியான ராடையே வாங்கியிருந்தாலும், 600 டிகிரிக்கு மேல் உருகும் எந்தப் பற்றும் (மூட்டை ஒட்ட உருக்கும் கலவை) சக்கரக் காலுக்கு உகந்ததல்ல.

இதற்கு வேண்டியது வெள்ளி கலந்த ஈயமில்லாச் சோல்டர். சுமார் 96 விழுக்காடு தகரமும் மீதி வெள்ளியும் கொண்டது, 221 டிகிரி செல்சியஸில் உருகும். எலெக்ட்ரானிக் கடைகளில் 3 விழுக்காடு வெள்ளியும் கொஞ்சம் செம்பும் சேர்ந்த கம்பிச் சுருள் கிடைக்கும், அதுவும் போதும். ஆனால் அதற்குள் இருக்கும் ரோசின் ஃப்ளக்ஸ் எஃகை அவ்வளவாகப் பிடிக்காது. தனியாகத் துத்தநாகக் குளோரைடு உள்ள திரவ ஃப்ளக்ஸ் ஒரு குப்பி வாங்குங்கள்.

இந்த மூட்டின் பலம் சோல்டரில் மட்டும் இல்லை, கட்டில் இருக்கிறது. பழைய மேசை விசிறியின் வயரை உரித்தால் மெல்லிய செம்பு இழைகள் கிடைக்கும். இரண்டு கம்பிகளையும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்துச் சேர்த்துப் பிடித்து, அந்த இழையை இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஃப்ளக்ஸ் தடவி, 100 வாட் சோல்டரிங் அயர்னாலோ சின்னச் சுவாலையாலோ கீழிருந்து சூடு காட்டுங்கள். சோல்டரை மேற்பக்கம் வையுங்கள். கம்பியின் சூட்டில் அது தானாக உருகிச் சுற்றுகளின் நடுவே இறங்க வேண்டும். சுவாலையை நேரே சோல்டரில் காட்டி உருக்கிச் சொட்டவிட்டால் மேலே ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. முடிந்ததும் கொதிநீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, துடைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள். அமில ஃப்ளக்ஸின் மிச்சம் இருந்தால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

வளைந்த கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். புதியது வெட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. விமானத்தின் பித்தளைக் குழாய், எஞ்சின் புகைக்குழாய் எல்லாம் பற்றவைக்க வேண்டும் என்று இணையத்தில் “45% சில்வர்” என்று போட்ட ராடுகளை வாங்கித் தரச் சொல்கிறான். பத்து ராடு ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 மில்லிமீட்டர் தடிமனும் அரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு ராடு ஏறத்தாழ 8 கிராம் இருக்கும். அதில் 45 விழுக்காடு வெள்ளி என்றால் மூன்றரை கிராமுக்கு மேல். அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துப் பெருக்குங்கள். ராடின் விலை அதில் உள்ள வெள்ளியின் விலையைவிடக் குறைவாக இருந்தால், சொன்ன அளவு வெள்ளி அதில் இல்லை. எந்த விளம்பரத்தையும் இந்தக் கணக்கால் சோதித்துவிடலாம்.

இதைவிடவும் நான் அஞ்சுவது காட்மியம் என்ற நச்சு உலோகத்தை. 45 விழுக்காடு வெள்ளி உள்ள பழைய கலவை ஒன்றில் 24 விழுக்காடு காட்மியம் உண்டு. 618 டிகிரியில் முழுதாக உருகி நன்றாக ஓடும், அதனால் பழைய ஆட்களுக்கு அதன்மேல் பிரியம். ஆனால் கொஞ்சம் சூடு மிஞ்சினாலும் காட்மியப் புகை எழும். அது நுரையீரலைக் கெடுக்கும், உயிரையே பறிக்கவும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பர் முதல், சில விலக்குகள் தவிர, இப்படிப்பட்ட ராடுகளில் காட்மியத்தைத் தடை செய்துவிட்டது. பொட்டலத்தில் “காட்மியம் இல்லை” என்ற குறிப்பு இல்லாத ராடு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பையன் பழகுவது வீட்டுப் பின்கட்டில்தானே, அங்கே உங்கள் வீட்டில் எல்லாரும் நடமாடுவார்கள்.

அப்புறம் எதை வாங்குவது? 56 விழுக்காடு வெள்ளி, செம்பு, துத்தநாகம், கொஞ்சம் தகரம் கொண்ட ராடு. 618 டிகிரியில் இளகத் தொடங்கி 652-இல் முழுதாக உருகும். நிறம் வெள்ளையாக இருக்கும், ஏர்கோன் ராடுபோல் செம்பு சாயல் தெரியாது. விலை கூடத்தான். ஆனால் ஒரு மூட்டுக்குக் கடுகளவே செலவாகும், ஒரே ஒரு ராடு பையனுக்கு நெடுநாள் வரும். பித்தளைக்கும் சாதாரண இரும்புத் தகட்டுக்கும் இது சரி. புகைக்குழாய்க்கும் இதுதான், முதல் பதிலில் சொன்ன தகரச் சோல்டர் எஞ்சின் சூட்டில் இளகிவிடும். அலுமினியத்துக்கு மட்டும் ஒத்துவராது.

ஃப்ளக்ஸும் அந்த ராடுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெங்காரம் மலிவுதான், ஆனால் அது உருகுவதே 743 டிகிரியில். 650-இல் ஓடும் ராடுக்கு அது தாமதமாக வந்து சேரும். ஃப்ளூரைடு கலந்த பசை ஃப்ளக்ஸ் 550 டிகிரி வாக்கிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதன் புகையும் மூச்சுக்கு ஆகாது, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். சுவாலைக்கு, அடுப்புக்குப் போடும் கேஸ் டின்னின் மேல் பொருத்தும் டார்ச் சின்னப் பாகங்களுக்குப் போதும். அடியில் தீச்செங்கல் வையுங்கள், சிமெண்டுத் தரை வெடித்துத் தெறிக்கும்.

இன்னொன்று. தோட்டத்து வேலிக் கம்பியை எடுத்துப் பழகச் சொல்லாதீர்கள். அதில் துத்தநாகம் பூசியிருக்கும். சூடானால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வார இறுதியில் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் கட்டச் சொல்லித் தருகிறேன். இந்த வேலையை முறையாக எங்கே கற்பது?

பதில்: நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் போய் உட்காருங்கள் ஐயா. ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் விசாரித்தால் ஆள் கிடைப்பார். அவருடைய பற்றும் ஃப்ளக்ஸும் நம்முடையதிலிருந்து மாறுபடலாம், ஆனால் சூட்டைக் கண்ணால் அளக்கும் பழக்கத்தை அவரைப்போல் யாரும் சொல்லித் தர முடியாது.

பழகத் துண்டுப் பித்தளைத் தகடு போதும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டர் வாக்கில் இடைவெளி இருந்தால் பற்று தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய இடைவெளியை நிரப்பப் பார்ப்பது வீண். அரைநிழலில் செய்யுங்கள், வெயிலில் உலோகம் சிவப்பது தெரியாது. ஃப்ளக்ஸைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் ஈரம் கொதித்து வற்றும். பிறகு அப்பளம்போல் வெள்ளையாக உப்பும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ராடை வைக்கிறார்கள். அது உப்பி அடங்கி, தெளிந்து, உலோகத்தோடு ஒட்டிப் படரும். அடியில் பித்தளை மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்த நொடியில் சுவாலையைச் சற்று விலக்கி ராடின் நுனியால் மூட்டைத் தொடுங்கள். பளிச்சென்று ஒரு கோடு மூட்டைச் சுற்றி ஓடும். ஓடவில்லை என்றால் ராடை அழுத்தாதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள். பற்று சூடு இருக்கும் பக்கம்தான் போகும்.

ஆறியதும் வெந்நீரில் போட்டால் ஃப்ளக்ஸ் கரைந்துவிடும். மிச்சத்துக்குக் கேக் சாமான் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். பிறகு இடுக்கியில் பிடித்து மூட்டைக் கிழித்துப் பாருங்கள். தகடு முழுவதும் பற்று பரவியிருந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் கையில் இந்தச் சுவாலையைக் கொடுக்க வேண்டாம். தள்ளி நின்று பார்க்கட்டும்.

கேள்வி: கடையில் “இரும்புக்கு வேண்டும்” என்று சொல்லித்தான் ராடு வாங்கினேன். செம்புக்கானதைக் கொடுத்துவிட்டு, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்தப் பலகை உங்கள் உரிமையைப் பறிக்காது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. எந்த வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் தெரிவித்து வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உகந்ததாக இருக்க வேண்டும். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 34-வது பிரிவு. “45% சில்வர்” என்று போட்டு மலிவுச் சரக்கை அனுப்பும் இணைய வியாபாரிக்கும் அது பொருந்தும்.

ரசீது, பொட்டலம், மீதி ராடு, பேசிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டு, போரங் 1 நிரப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு மூன்று ராடுக்காக அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றாலும், அந்தக் கடிதத்தையாவது எழுதிக் கொடுங்கள். பணமாகத் தராவிட்டாலும் சரியான ராடாக மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அப்போதும் பொட்டலத்தில் கலவையின் அளவும் உருகும் வெப்பமும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.