பாதாம், முந்திரிக்கு வீட்டிலேயே சர்க்கரைப் பூச்சு கொடுப்பது எப்படி? எனக்கு ஒவ்வொரு முறையும் பாகு வெள்ளை மணலாகிவிடுகிறதே?

பாகு நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது, பாதாமைப் போட்டுக் கிளறினேன், திடீரென்று எல்லாம் வெள்ளை வெளேரென்று மணல் மாதிரி ஆகிவிட்டது, உடனே அடுப்பை அணைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததில் தப்பு எதுவுமே இல்லை, அடுப்பை அணைத்ததைத் தவிர. அந்த மணல் கட்டம் வந்தே தீர வேண்டும். அது பாதி வழிதான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானும் முதல்முறை அதே இடத்தில் நின்று, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அரைக் கிலோ பாதாமைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். இன்னும் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கிளறியிருந்தால் அது அருமையாக வந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது புரிந்துவிட்டால் அளவுகள்கூட அவ்வளவு முக்கியமில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிடும்போது தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், பாகின் சூடும் ஏறிக்கொண்டே போகும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் (எல்லாம் செல்சியஸ்) கொதிக்கும், பாகோ கெட்டியாகக் கெட்டியாக 110, 115 என்று மேலே போகும். அந்த நிலையில் கரைந்து நிற்க வேண்டிய அளவைவிட அதிகமான சர்க்கரை அதில் இருக்கிறது, ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், மறுபடி படிகமாகிவிடத் துடிக்கும். நீங்கள் கிளறுவதும் பாதாம் தோலின் சொரசொரப்பும்தான் அந்தச் சாக்கு. ஒரு இடத்தில் ஒரு படிகம் தொடங்கினால் அரை நிமிடத்துக்குள் கடாய் முழுக்கப் பரவிவிடும். மணல் வந்துவிட்டது.

இப்போது அந்த மணலில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால், கடாயின் அடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரை முதலில் இளகும், பிறகு பருப்பைச் சுற்றியிருப்பது, 160 டிகிரியைத் தாண்டும்போது உருகிப் பொன்னிறமாகி, பருப்பின் மேல் மெல்லிய பளபளப்பான ஓடாகப் படியும். கூடவே பருப்பும் உள்ளே வறுபட்டுவிடும். அதனால்தான் இந்த முறைக்குப் பச்சைப் பாதாமையே போடச் சொல்வேன், ஏற்கெனவே நன்றாகச் சிவக்க வறுத்ததைப் போட்டால் சர்க்கரை உருகும் நேரத்துக்குள் உள்ளே கருகத் தொடங்கிவிடும்.

சரி, அளவு. பருப்பு இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, எடைக் கணக்கில். நான் போடுவது 250 கிராம் பாதாம், 125 கிராம் சர்க்கரை, 60 மில்லி தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு, கடைசியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் ஒன்றும் ஆகாது, கொதிக்க நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை கூடிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும், பிரிக்கவே முடியாது. உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் செய்தால் வெறும் இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும், பாதாமின் சுவையே தெரியாது.

அடி கனமான கடாய் வேண்டும், உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடைசி இரண்டு நிமிடம் முழுக்க நிறத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், கறுப்புக் கடாயில் அது தெரியாது. சர்க்கரை, தண்ணீர், பாதாம் மூன்றையும் சேர்த்தே போட்டு மிதமான தீயில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழிகள், பிறகு சின்னதாகி நுரை போல வரும், கரண்டி போகிற இடத்தில் கடாயின் அடி தெரியும். அங்கிருந்து கையை நிறுத்தாமல் கிளறுங்கள். மணலானதும் தீயைக் குறைத்துவிடுங்கள். கூடவே தண்ணீர் ஊற்றவும் கூடாது, பலர் பதறிப்போய்ச் செய்வது இதைத்தான், ஊற்றினால் மறுபடி முதலிலிருந்து கொதிக்கவிட வேண்டும், பாதாம்தான் ஊறிப்போகும்.

உருகத் தொடங்கும்போது லேசாகப் புகை வந்தால் கடாயைத் தீயிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளறுங்கள், பிறகு மறுபடி வையுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது மணலாகவே இருக்கும். பாதாமில் முக்கால்வாசி பளபளப்பானதும் உப்பையும் வெண்ணெயையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கிவிடலாம். வெண்ணெய் போடுவது ருசிக்காக மட்டுமில்லை, பருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து வர அது உதவும். பட்டைத்தூள், ஏலக்காய்த்தூள், மிளகாய்த்தூள் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் அதுவும் இந்தக் கடைசி நொடியில்தான், முன்னாலேயே போட்டால் தூள் கருகிக் கசந்துவிடும்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டி உடனே இரண்டு முள்கரண்டிகளால் பிரித்துவிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும், அதனால் தட்டு, பேப்பர், கரண்டி எல்லாவற்றையும் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தயவுசெய்து கையால் தொடாதீர்கள், ஒன்றை எடுத்து வாயில் போட்டும் பார்க்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு எரித்துக்கொண்டே இருக்கும், சூடும் அதைவிட அறுபது டிகிரிக்கு மேல் அதிகம். பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்த நேரத்தில் குழந்தைகள் அடுப்படியில் இருக்கவே வேண்டாம்.

அப்புறம், மணல் கட்டத்திலேயே நிறுத்திக்கொள்வதும் ஒரு முறைதான். வேண்டுமென்றே அங்கே நிறுத்தினால் சொரசொரப்பான, கடித்தால் பொரபொரவென்று உதிரும் பூச்சு கிடைக்கும். அப்படி நிறுத்துவதாக இருந்தால் மட்டும் பாதாமை முன்பே ஓவனில் 160 டிகிரியில் பத்து நிமிடம்போல வறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளே பச்சையாக இருக்கும். ஈரப்பதமான காலத்தில் நான் இதைத்தான் செய்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், படிகமாக இருக்கும் சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் இழுக்காது. மறுநாளே ஒட்டுகிறது என்று கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்களே, அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நீங்கள் சேர்த்ததாகச் சொன்ன தேன். தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். இரண்டும் சேர்ந்து சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும், அதனால் பார்க்க அழகாகக் கண்ணாடிபோல வரும். ஆனால் ஃப்ரக்டோஸ் ஈரத்தை இழுப்பதில் கில்லாடி. அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் தேன் போடலாம், டப்பாவில் வைப்பதாக இருந்தால் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையை அந்த இரண்டாக உடைத்துவிடும், அதனால் ஒரு சில சொட்டுக்கு மேல் போகாதீர்கள்.

வெறும் பாகை மட்டும் தனியாகக் காய்ச்சிப் பருப்பை அதில் புரட்டுவதாக இருந்தால், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், ஒடித்தால் கண்ணாடிபோல ஒடிய வேண்டும். வெப்பமானி இருந்தால் 150 டிகிரி. கம்பிப்பதத்தில் இறக்கிவிட்டால் எத்தனை மணி நேரம் ஆறவைத்தாலும் மொறுமொறுப்பு வராது. பருப்பைச் சூடாகத்தான் பாகில் போட வேண்டும், குளிர்ந்ததைப் போட்டால் பாகு சட்டென்று இறுகிவிடும்.

பருப்புக்குப் பருப்பு வித்தியாசம் உண்டு. பாதாம்தான் இதற்கு மிகவும் எளிது, அதன் தோல் சர்க்கரையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முந்திரி வழுவழுப்பாக இருப்பதால் பூச்சு கொஞ்சம் நழுவும், அதோடு சீக்கிரம் சிவந்துவிடும், எனவே தீ இன்னும் குறைவாக இருக்கட்டும். வால்நட்டின் தோலில் கசப்பு இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து, ஓவனில் ஈரம் போகக் காயவைத்துவிட்டுச் செய்தால் அந்தக் கசப்பு பெருமளவு குறையும். வேர்க்கடலை எல்லாவற்றையும் விடப் பொறுத்துக்கொள்ளும், கற்றுக்கொள்கிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

பாகே பயமாக இருக்கிறது என்றால் ஓவன் வழி இருக்கிறது. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு தேக்கரண்டி தண்ணீரோடு நுரைக்க அடித்து, அதில் 450 கிராம் பருப்பைப் புரட்டி, 200 கிராம் சர்க்கரையும் உப்பும் பட்டைத்தூளும் கலந்து, 120 டிகிரியில் ஒரு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு எடுத்தால் போதும். பளபளப்பு இருக்காது, லேசான மொறுமொறுப்பான பொருக்கு இருக்கும், கருகும் பயமும் இல்லை. வால்நட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

எந்த முறையானாலும் முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் துளி வெதுவெதுப்புக்கூடத் தெரியக் கூடாது, சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி எல்லாம் நமுத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியில் வைத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், வால்நட் மட்டும் அதற்கு முன்பே சிக்கு வாடை அடிக்கலாம். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பருப்பு ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் அணைத்து எடுத்து வைத்திருக்கும் அந்த வெள்ளை மணல் பாதாம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அப்படியே கடாயில் போட்டுக் குறைந்த தீயில் கிளறுங்கள், தண்ணீர் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். தேன் கலந்திருப்பதால் கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். கடாயின் அடியில் ஒட்டிப்போனதைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகவே கரைந்துவிடும்.