புளோயரை நிறுத்தினால் நைட்ரஜன் குறையுமா? எஸ்.டி.பி. கேள்வி பதில்

எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பற்றி வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயம்தான்: நைட்ரஜனைக் குறைக்க வேண்டும், செலவும் ஆகக் கூடாது. நான்கை எடுத்துக்கொண்டேன்.

120 வீடுகள் உள்ள குடியிருப்பு. லிட்டருக்கு அம்மோனியா 1 மி.கி., நைட்ரேட் நைட்ரஜன் 28 மி.கி. என்று ரிப்போர்ட். காற்று ஊதும் புளோயர் 24 மணி நேரமும் ஓடுகிறது. புது டேங்க் கட்டச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா சார்?

டேங்குக்குக் காசு கொடுக்கும் முன், புளோயரை நிறுத்தி நிறுத்தி ஓட்ட ஒரு டைமர் வாங்குங்கள். அம்மோனியா 1 என்றால் முதல் பாதி வேலை, அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது, நன்றாகவே நடக்கிறது. மறுபாதிதான் நடக்கவில்லை, காற்று இருக்கும் வரை பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடாது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் அதை மூச்சுக்கு எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும்.

கணக்கும் நமக்குச் சாதகம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நைட்ரேட்டை வாயுவாக்கும்போது அதில் 2.86 கிராமுக்கு ஈடானது திரும்பக் கிடைக்கிறது. போன காரத்தன்மையிலும் பாதி திரும்புகிறது; பி.எச். அவ்வளவாக விழாது.

ஒரு மணி நேரம் ஓட்டம், அரை மணி நேரம் நிறுத்தம் என்று தொடங்குங்கள். நிறுத்தத்தில் சேறு அடியில் படியாமல் சின்ன மிக்ஸர் ஒன்று வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரேட் இரண்டையும் பார்த்துக்கொண்டே நிறுத்த நேரத்தைக் கூட்டலாம். அம்மோனியா ஏறினால் பின்வாங்குங்கள். காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் பீங்கான் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

நான் ஆபரேட்டர் அண்ணா. சேறு படியும் கிளாரிஃபையர் தொட்டியில் மதியம் ஆனால் சேறு கட்டி கட்டியாக மிதக்கிறது. சேற்றைப் படிய வைக்கும் பாலிமர் போடவா?

வேண்டாம் தம்பி. கட்டியைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், குமிழி விட்டு மூழ்கினால் அது நைட்ரஜன் வாயு. காற்று விடும் ஏரேஷன் டேங்கில் நடக்க வேண்டியது கிளாரிஃபையரில் நடக்கிறது. சேற்றைச் சீக்கிரம் ஏரேஷன் டேங்குக்கே திருப்பி அனுப்புங்கள், மேலே சொன்ன டைமர் வேலையையும் செய்யுங்கள்.

டைமர் போட்டும் நைட்ரேட் இறங்கவில்லை. வெல்லம் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள்.

நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும், அதனால் வெல்லம் வேலை செய்யும், ஆனால் மாதம் முழுக்க யார் வாங்குவது? முதலில் கழிவுநீர் வந்து சேரும் ஈக்வலைசேஷன் டேங்கைப் பாருங்கள். நாற்றம் வரக் கூடாது என்று அங்கே அளவுக்கு மீறிக் காற்று விட்டிருப்பார்கள். சமையலறைத் தண்ணீரில் வந்த இலவச உணவு அங்கேயே எரிந்துபோகிறது. கலக்கும் அளவுக்கு மட்டும் காற்று போதும்.

பாஸ்பரஸையும் உயிரியல் முறையில் எடுக்க முடியுமா?

முடியும். ஜேம்ஸ் பார்னார்ட் 1970களில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வழிகாட்டிய முறை அது. ஆனால் காற்றும் நைட்ரேட்டும் இல்லாத தனி அறை வேண்டும், சேற்றை ஒழுங்காக வெளியேற்ற வேண்டும். உங்கள் அளவு எஸ்.டி.பி.க்கு ஆலம் (படிகாரம்) போடுவதுதான் மலிவு.