ஆதிமனிதன் இறைச்சி தின்றுதானே மனிதன் ஆனான்?

கேள்வி: எனக்கு வயது 46. ஏழு மாதங்களாக இறைச்சி, முட்டை, வெண்ணெய் தவிர வேறு எதையும் சாப்பிடுவதில்லை. இறைச்சி தின்றதால்தான் மனித மூளை வளர்ந்தது, தானியமும் காயும் நம் உடலுக்கு அந்நியம் என்று படித்ததிலிருந்து வந்த உறுதி இது. 9 கிலோ குறைந்திருக்கிறேன். ரத்தச் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 118இலிருந்து 209க்கு ஏறிவிட்டது. மலச்சிக்கலும் வாட்டுகிறது. 20 வயது மகள் எனக்கு நேர்மாறு. மனிதனின் பல்லும் குடலும் தாவர உண்ணிக்கு உரியவை என்று சொல்லி, மூன்று ஆண்டுகளாகப் பால், முட்டையைக்கூடத் தொடுவதில்லை. சத்து மாத்திரையும் எடுப்பதில்லை. சில மாதங்களாகச் சோர்வாக இருக்கிறது, பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்கிறாள். சாப்பிட உட்கார்ந்தாலே இருவருக்கும் பரிணாமத்தை வைத்துச் சண்டை. யார் சொல்வது சரி?

பதில்: முதலில் உங்கள் மகளின் பாதங்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பரிணாமத்தை அப்புறம் பார்ப்போம்.

மூன்று ஆண்டுகளாக விலங்கு உணவு எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை, இப்போது சோர்வும் பாதத்தில் எறும்பு ஊரும் உணர்வும் என்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வைட்டமின் பி12 குறைபாடு. இந்த வைட்டமினைக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் உணவை மாற்றிய முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. ‘எனக்கு இது ஒத்துக்கொண்டது’ என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்ததும் நரம்பிழைகளின் மேலுறை சிதையத் தொடங்குகிறது. பாதத்தில் எறும்பு ஊரும் உணர்வு, பிறகு மரத்துப்போதல், பிறகு நடையில் தள்ளாட்டம். காலம் தாழ்த்தினால் சில பாதிப்புகள் முழுதாகத் திரும்பி வராமலே போகலாம்.

இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கும். அது ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். நீங்கள் இருவருமே பரிணாமத்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். சாட்சி சொல்வதில் பாதியை நீங்களும் மறுபாதியை உங்கள் மகளும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தரப்பில் உண்மை இல்லாமல் இல்லை. எத்தியோப்பியாவின் போரி என்ற இடத்தில் கிடைத்த சுமார் 25 லட்சம் ஆண்டு பழமையான விலங்கு எலும்புகளில் கல்லால் சதையை அறுத்த கீறல்கள் இருக்கின்றன. உள்ளிருக்கும் மஜ்ஜைக்காக எலும்பை உடைத்த அடையாளமும் இருக்கிறது. எலும்பைவிட என்னைக் கவர்ந்த சாட்சி ஒன்று உண்டு: நாடாப்புழு. மனிதர்கள் மாட்டையும் பன்றியையும் வளர்க்கத் தொடங்கிய பிறகு அவற்றிடமிருந்துதான் நாடாப்புழு நமக்குத் தொற்றியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2001இல் வெளியான ஆய்வொன்று இதைத் தலைகீழாக்கியது. நம் குடலில் வாழும் நாடாப்புழுக்களின் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்கச் சிங்கத்திடமும் கழுதைப்புலியிடமும் இருக்கின்றன. அந்த விலங்குகள் தின்ற இரையையே நம் மூதாதையரும் தின்றபோது, கால்நடை வளர்ப்புக்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, புழு நமக்கு வந்துவிட்டது. பிற்பாடு மாட்டுக்கும் பன்றிக்கும் அதைக் கொடுத்தவர்கள் நாம்தான்.

மூளைக் கதைக்கும் அடிப்படை இருக்கிறது. மனித மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவு பிடிக்கும் உறுப்புக்கு எங்கிருந்து ஆற்றல் வந்தது? 1995இல் லெஸ்லி அயெல்லோ, பீட்டர் வீலர் என்ற ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். இறைச்சி போன்ற செறிவான உணவு கிடைத்ததால் குடல் சிறுத்தது, குடலில் மிச்சமான ஆற்றல் மூளைக்குப் போனது என்பது அவர்கள் கருத்து. நீங்கள் படித்தது பெரும்பாலும் இதன் வழிவந்ததாகவே இருக்கும்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2011இல் நூறு பாலூட்டி இனங்களின் உடல்களை அளந்து பார்த்தார்கள். மூளை பெரிதாக இருந்தால் குடல் சிறிதாக இருக்கும் என்ற பொதுவிதி அவற்றில் தென்படவில்லை. 2022இல் ஆண்ட்ரூ பார் என்பவரின் குழு, கிழக்கு ஆப்பிரிக்காவில் 26 லட்சம் முதல் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட 59 அகழ்விடங்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. பெரிய மூளை கொண்ட ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனம் தோன்றிய பிறகு இறைச்சி உண்ணல் படிப்படியாகப் பெருகியது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காலப் படிவுகளை அதிகமாகத் தோண்டியிருக்கிறோம், அதனால் வெட்டுத்தடம் கொண்ட எலும்புகளும் அதிகமாகக் கிடைத்திருக்கின்றன என்பதே அவர்கள் கண்டது. இதிலிருந்து இறைச்சிக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ‘இறைச்சி மட்டும்தான் மூளையை வளர்த்தது’ என்று ஒற்றைக் காரணத்தைக் கட்டி நிறுத்த முடியாது, அவ்வளவே.

எலும்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். கிழங்குத் தோல் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். ஆதி உணவைப் பற்றிய நம் கற்பனையில் வேட்டைக்காரன் முன்னால் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தாவரம் தடம் விட்ட இடங்களில் தேடியபோது அதுவும் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 1,70,000 ஆண்டுகளுக்கு முன் அடுப்புச் சாம்பலில் கருகிப்போன கிழங்குகளை எடுத்திருக்கிறார்கள். நமக்கு நெருங்கிய உறவினமாக இருந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களை முழுநேர இறைச்சி உண்ணிகள் என்றே நினைத்திருந்தோம். ஈராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் பற்களின் காரையைச் சுரண்டிப் பார்த்தார்கள். பல் மருத்துவர் நமக்குச் சுத்தம் செய்கிறாரே, அதே காரைதான். அதற்குள் மாவுச்சத்துத் துகள்கள் சிக்கியிருந்தன. சில துகள்கள் வேகவைத்ததால் உருக்குலைந்திருந்தன.

உங்கள் உடம்பிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதி ஊறுகிறது. அதற்கான மரபணு சிம்பன்சியிடம் 2 பிரதிகள். மனிதர்கள் பலரிடம் 6 அல்லது அதற்கும் மேல். தானியமும் கிழங்கும் நமக்கு அந்நியம் என்றால், அவற்றை வாயிலேயே செரிக்கத் தொடங்கும் ஏற்பாட்டை உடல் இத்தனை மடங்கு பெருக்கி வைத்திருக்காது. அதேபோல, வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம் மூதாதையரிடம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. பழமும் இலையும் தின்று வாழ்ந்ததால் அந்த இழப்பு அவர்களைப் பாதிக்கவில்லை.

மகளின் வாதத்துக்கு வருவோம். கடைவாய்ப் பற்கள் தட்டையாக இருப்பதும், கோரைப் பல் சிறுத்திருப்பதும் உண்மைதான். ஆனால் அறுக்கும் வேலையைப் பல்லிடமிருந்து கல் எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டது. 2016இல் கேத்தரின் ஸிங்க், டேனியல் லீபர்மேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆய்வுக்கு வந்தவர்களின் தாடையில் உணர்கருவிகளை ஒட்டி, ஆட்டிறைச்சியையும் கிழங்குகளையும் மெல்லச் சொன்னார்கள். வேகாத இறைச்சியை மென்றால் அது ரப்பர்போல நீண்டு சுருங்குகிறதே தவிர, துண்டாவதில்லை. அதையே முன்கூட்டி மெல்லியதாக அறுத்துக் கொடுத்தால் எளிதாக இறங்கிவிடுகிறது. உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அதை அறுத்தும் கிழங்கை இடித்தும் தின்றால், மெல்லும் எண்ணிக்கை ஏறக்குறைய 17 சதவீதம் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அம்மியும் கத்தியும் இல்லாத காலத்தில் ஒரு கல் செய்த வேலை இது. ஆகவே பல்லை மட்டும் பார்த்து மனிதனின் உணவைத் தீர்மானிக்க முடியாது.

குடலும் மகளுக்கு முழுச் சாதகமாகப் பேசாது. கொரில்லா, சிம்பன்சி போன்றவற்றில் குடற்பாதையின் பெரும்பகுதி பெருங்குடல். நாள் முழுக்கத் தின்ற இலைகள் அங்கே நொதிக்கின்றன. நமக்கோ பாதிக்கும் மேல் சிறுகுடல், பெருங்குடல் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். செறிவான, எளிதில் செரிக்கும், சமைத்த உணவுக்கு ஏற்ற குடல் இது. இரைப்பை அமிலமும் இலை தின்னும் விலங்குகளுடையதைவிட மிகக் கடுமையானது.

இன்னொரு சான்றை மகளிடம் நீங்களே காட்டலாம். அடித்துப் பேசுவதற்காக அல்ல, அக்கறையோடு. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் சுமார் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் மண்டை ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. வயது 15 லட்சம் ஆண்டு. அந்த எலும்பு வழவழப்பாக இல்லாமல் கடற்பஞ்சுபோலப் பொத்துப்போயிருக்கிறது. கடுமையான ரத்தசோகையில், ரத்த அணுக்களைப் பெருக்க மஜ்ஜை விரியும்போது எலும்பு இப்படி ஆகும். பால் மறக்கும் பருவத்தில் அந்தக் குழந்தைக்கோ, பாலூட்டிய தாய்க்கோ இறைச்சி போதுமான அளவு கிடைக்காமல் பி12 குறைந்திருக்கலாம் என்று 2012இல் அதை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஒட்டுண்ணி நோய்களாலும் இத்தகைய ரத்தசோகை வரும் என்பதால், ஒரே ஒரு எலும்பை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாய்க்குப் பி12 இல்லையென்றால் பாலிலும் இருக்காது என்பது இன்றைக்கும் மருத்துவமனைகளில் கண்கூடாகப் பார்க்கும் உண்மை.

மகள் இறைச்சிக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி12ஐ உண்மையில் உற்பத்தி செய்வது விலங்குகள் அல்ல, பாக்டீரியாக்கள். இன்று அதை மாத்திரையாகவே செய்துவிடுகிறார்கள். அந்த மாத்திரையை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்டால் அவர் தன் கொள்கையோடு ஆரோக்கியமாக வாழலாம். நரம்பு அறிகுறி இருப்பதால் மருத்துவர் முதலில் சில வாரங்களுக்கு ஊசி போடச் சொல்லக்கூடும், மறுக்க வேண்டாம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து ஓட்ஸி என்ற மனிதரின் உடல் கிடைத்தது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். வயது 45ஐ ஒட்டி, ஏறக்குறைய உங்கள் வயது. இரைப்பையில் கொழுப்பு நிறைந்த காட்டாட்டு இறைச்சியும் மான் இறைச்சியும் பழங்காலக் கோதுமையும் இருந்தன. மலையேறி நடந்தே வாழ்ந்தவர், சிகரெட் அறியாதவர். அவருடைய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. மரபணுவிலும் அதற்கான சாய்வு இருந்தது என்பது உண்மை. உங்கள் மரபணுவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இயற்கைத் தேர்வு பார்ப்பது, ஒருவர் பிள்ளை பெற்று அதை வளர்த்து ஆளாக்கும்வரை தாக்குப்பிடித்தாரா என்பதை. 65 வயதில் உங்கள் இதயக் குழாய் எப்படி இருக்கும் என்பது அதன் கணக்கில் அநேகமாக வருவதே இல்லை. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் பெரும்பாலும் விலங்கு உணவில் வாழ்ந்திருக்கிறார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்கள் கிழங்கு, தேன், பழம், வேட்டை என்று கலந்து உண்கிறார்கள். மனிதனால் எதைத் தின்றும் பிழைக்க முடியும் என்று இவை காட்டுகின்றன. உங்கள் உடலுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனை காட்டிவிட்டது. எல்.டி.எல். 190ஐத் தாண்டினாலே மருத்துவர்களாகிய நாங்கள் அதை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. 209 என்பது உடனே கவனிக்க வேண்டிய அளவு.

9 கிலோ குறைத்ததும் சர்க்கரையை இறக்கியதும் உங்கள் மன உறுதிக்குக் கிடைத்த பலன். அதை இழக்க வேண்டியதில்லை. இனிப்பும் மைதாவும் நொறுக்குத் தீனியும் நின்றதால் வந்த நன்மையே அதில் பெரும்பங்கு. அவற்றை மீண்டும் தொடாதீர்கள். வெண்ணெயையும் கொழுப்பு மிகுந்த இறைச்சியையும் இன்றோடு நிறுத்துங்கள். மீனும் தோல் நீக்கிய கோழியும் அளவோடு இருக்கட்டும். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி வேண்டவே வேண்டாம். நாள்தோறும் அதை 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் உயர்த்துகிறது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. பருப்பு, பயறு, கீரை, காய், முழுப்பழம், கொட்டைகள் ஆகியவற்றைத் தட்டில் பாதிக்கு மேல் கொண்டுவாருங்கள். மலச்சிக்கலுக்கு மருந்தும் அதுதான். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து உருவாக்கும் கொழுப்பு அமிலங்களே அந்தக் குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு. ஏழு மாதங்களாக அவற்றைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள்.

எட்டு வாரம் கழித்துக் கொலஸ்ட்ராலை மறுபடி பாருங்கள். தைராய்டு, யூரிக் அமிலம், சிறுநீரகப் பரிசோதனைகளையும் அப்போது சேர்த்துவிடலாம். அதற்குப் பிறகும் எல்.டி.எல். 190க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை தேவைப்படும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உங்கள் தந்தைக்கோ உடன்பிறந்த ஆண்களுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ உடன்பிறந்த பெண்களுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருக்கிறதா? வந்திருந்தாலோ, நடக்கும்போது உங்களுக்கு மார்பில் இறுக்கம் தெரிந்தாலோ, எட்டு வாரம் காத்திருக்காமல் இப்போதே இதய மருத்துவரைப் பாருங்கள்.