ஒற்றைத் தலைவலி வெறும் மனப்பிரமையா, உடலில் உண்மையாகவே ஏதாவது நடக்கிறதா?

கேள்வியைப் படித்தவுடன், உங்களையும் யாரோ "வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள்" என்று சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அதே சொல்லைப் பல ஆண்டுகள் கேட்டவள் நான். மருத்துவர் அல்லள், கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள்.

தேவகோட்டையில் நாத்தனார் திருமணத்திற்கு முதல் நாள், வீட்டின் இரண்டாங்கட்டில் மணகோலம் என்னும் பலகாரத்திற்கு வெல்லப்பாகு காய்ந்துகொண்டிருந்தது. வளவு முற்றத்தில் விழுந்த வெயில் வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணில் தெறித்ததும், இடக்கண்ணுக்குப் பின்னால் துடிக்கத் தொடங்கியது. பாகின் மணம் குமட்டியது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் கன்னத்தைப் பதித்துக் கிடந்தேன். "கல்யாண வீட்டில்தான் இவளுக்குத் தலைவலி வரும்" என்று வெளியே ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

அப்போது என் தலைக்குள் நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. முகம், தலையின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் டிரைஜெமினல் நரம்பின், மூளையுறையில் பரவியுள்ள நுனிகள், 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிஜிஆர்பி என்னும் மூலக்கூறை வெளியிடுகின்றன. அது இரத்தக் குழாய்களை விரித்து, வலியுணர்வைக் கூர்மையாக்குகிறது. தாக்குதலின்போது கழுத்துச் சிரை இரத்தத்தில் இது கூடியிருந்ததைக் கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்டார்கள். இவ்வழியைக் கண்டறிந்ததற்காக இவ்விருவர் உட்பட 4 பேருக்கு 2021-ல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. காக்ஸ் என்ற நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களும் வலியைக் கூட்டுகின்றன. இபுபுரூஃபன் அடக்குவது அந்த நொதியைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெஞ்சுவலிக்காக நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்ட மாமனாருக்குத் தலை வலித்தால் வீடே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அந்த மாத்திரையிலிருந்து கிடைக்கும் நைட்ரிக் ஆக்சைடை நம் உடலிலும் ஒரு நொதி தானாகவே உருவாக்குகிறது. ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியதும் அந்த நைட்ரிக் ஆக்சைடே. அவருக்கு வந்தது நோய், எனக்கு வந்தது பாசாங்கு என்றால் எப்படி?

மனக்கவலைக்குப் பங்கே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. தூக்கம் கெட்டாலும், வேளைக்குச் சாப்பிடாவிட்டாலும்கூட வரும். எது தூண்டினாலும் வலி வருவது நரம்பின் வழியாகத்தான்.

மாத்திரையில் மட்டும் கவனமாக இருங்கள். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டுவந்தால், மருந்தாலேயே தலைவலி உண்டாகலாம். ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கு 10 நாட்களே எல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டே நான் அந்த நிலைக்குப் போனேன். "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவைத்தார். வலி வந்த நாட்களையும் மாத்திரை போட்ட நாட்களையும் காலண்டரில் குறித்து எடுத்துச் சென்ற பிறகுதான், மற்றொரு நரம்பியல் மருத்துவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்டார்.